திரும்பி வராத மெக்கானிக்குகள்

சின்னவளுக்கு எங்கேயும் இருப்புக் கொள்ளாது. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் தண்ணீர் எடுக்க எழுந்து போவாள். போன இடத்தில் குழாய் சொட்டுவது கண்ணில் படும். அது எதனால் சொட்டுகிறது என்று குனிந்து பார்க்கத் தொடங்கினால், தட்டில் இருப்பது ஆறிப்போய்விடும். "இவ கால்ல யாரு சக்கரத்தக் கட்டி விட்டது?" என்று அக்காவான பெரியவள் கத்துவாள். கத்திக்கொண்டே தட்டை எடுத்து மூடியும் வைப்பாள்.

பெரியவள் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். திரைச்சீலையோ தலையணை உறையோ, தையல் ஒரு நூல் விலகினாலும் மொத்தத்தையும் பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி தைப்பாள். அந்த மெஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் சின்னவள் படித்தாள், கல்லூரிக்குப் போனாள், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்கும் சேர்ந்தாள். கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் மென்பொருள் செய்து கொடுக்கும் கம்பெனி அது. நல்ல வேலை, நல்ல பெயர். பெரியவளின் கணவர் கூட, "வீட்டுக்கு வர்ற எலெக்ட்ரிஷியன்கிட்ட எல்லாம் என் மச்சினி கம்ப்யூட்டர்ல இருக்கான்னு சொல்றேன், அதுக்காகவாவது நின்னு நிலைச்சு இரு" என்பார்.

அவள் நிற்கவில்லை. ஒருநாள் இரும்புச் சாமான் மொத்த விற்பனைக் கடை ஒன்றுக்குப் போனாள். இவர்கள் செய்து கொடுத்த மென்பொருள் அங்கே எப்படி ஓடுகிறது என்று பார்த்துவரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கல்லாவில் இருந்த அம்மாள் பகல் முழுவதும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே இருந்தார். கடை மூடும் நேரத்தில் கம்ப்யூட்டரைத் திறந்து, எல்லாவற்றையும் மளமளவென்று ஏற்றிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"நாங்க ஒரு வருஷம் மண்டைய உடைச்சு செஞ்சது அக்கா. அந்தம்மா அதுக்குக் குடுக்குற நேரம், வீட்டுக்குப் போறதுக்கு முன்னால மூஞ்சி கழுவுற நேரம். ஏன் அப்படி?"

"விடுடி. காசு குடுத்தாங்கல்ல?"

"குடுத்தாங்க. ஆனா ஏன் அப்படி?"

அந்த 'ஏன்' அவள் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. முப்பது தாண்டிய வயதில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாகப் போய்ச் சேர்ந்தாள். பாடத்துக்குப் பெயர் வணிகத் தகவலியல்.

"அப்படின்னா என்னடி? துணி தைக்க வர்றவங்ககிட்ட நான் சொல்லணும்ல."

"கம்ப்யூட்டர் செய்யறவங்க ஒரு பக்கம். கம்பெனி நடத்தறவங்க ஒரு பக்கம். நடுவுல மனுஷங்க இருக்காங்க. இந்த மூணும் ஒண்ணோட ஒண்ணு எங்க இடிக்குதுன்னு பாக்குற படிப்பு."

"படிச்சு முடிச்சா?"

"டாக்டர்."

பெரியவளுக்கு அது போதும். அன்று முதல் அளவு கொடுக்க வந்து நின்ற ஒருவரையும் அவள் சும்மா விடவில்லை. "என் தங்கச்சி டாக்டராகப் போறா. ஊசி போடற டாக்டர் இல்ல, கம்பெனிக்கு வைத்தியம் பாக்குற டாக்டர்" என்று ஊசியை வாயில் கவ்விக்கொண்டே சொல்லுவாள்.

அந்தத் துறையில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சிக்காரர்கள் எதையாவது கட்டிப் பார்ப்பார்கள். ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, அதற்கு ஒரு மென்பொருள் செய்து, அதை நிஜ இடத்தில் ஓடவிட்டு, நிலைமை மாறியதா என்று அளப்பார்கள். இன்னொரு கட்சி எதையும் கட்டாது. கேள்விகள் அச்சடித்து ஆயிரம் பேருக்கு அனுப்பும், உட்கார்ந்து பேட்டி எடுக்கும், ஒரே அலுவலகத்தில் மாதக்கணக்கில் மூலையில் இருந்து வேடிக்கை பார்க்கும். "நீங்க கொத்தனாரு", "நீங்க பக்கத்து வீட்டு ஜன்னலு" என்று தேநீர் இடைவேளையில் இரண்டு கட்சியும் ஒன்றையொன்று வாரிக்கொள்ளும். சின்னவள் கட்டுகிற கட்சி. சும்மா உட்கார்ந்து பார்ப்பதற்கு அவளுக்கு ஏது பொறுமை?

கட்டுவதற்கு அவளுக்குக் கிடைத்தது லிப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி. எங்கேயாவது லிப்ட் நின்றுவிட்டால் கம்பெனிக்குப் போன் வரும். ஆபரேட்டர் அம்மாள் எடுத்து, பக்கத்தில் இருக்கும் மெக்கானிக்கை அனுப்புவார். அவர் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தால், தேய்ந்திருப்பது கதவு உருளை. கையில் இருப்பது வேறு சாமான். உருளை எடுக்க மறுபடி அலுவலகத்துக்கு வருவார். அதற்குள் மேல் மாடியில் முழங்கால் வலிக்காரர் ஒருவர் படியில் பாதி வழியில் உட்கார்ந்து கம்பெனியைச் சபித்துக்கொண்டிருப்பார்.

சின்னவள் ஒரு மென்பொருள் செய்தாள். போனில் சொன்ன அடையாளத்தையும் அந்த லிப்டில் முன்பு என்னென்ன மாற்றியிருக்கிறார்கள் என்பதையும் வைத்து, எந்தெந்தச் சாமானைக் கையோடு எடுத்துப் போகலாம் என்று அது மெக்கானிக்கின் போனுக்குச் சொல்லும். கம்பெனிக்கு ஊரின் இரண்டு முனையில் இரண்டு கிளைகள். ஒன்றில் மென்பொருள் ஓடும், மற்றதில் ஓடாது. இரண்டிலும் மெக்கானிக்குகள் எத்தனை தரம் சாமானுக்காகத் திரும்பி வருகிறார்கள் என்று எண்ணி ஒப்பிட வேண்டும். முறை அவ்வளவுதான்.

மென்பொருள் ஓடிய கிளையில், வாசலுக்கு நேர் எதிரே மேஜை போட்டு அவள் உட்கார்ந்தாள். திரும்பி வருகிற ஒவ்வொரு மெக்கானிக்கிடமும் சிரித்த முகத்தோடு, "ஏன் திரும்பி வந்தீங்க?" என்று கேட்பாள். சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வாள். எழுதி முடித்ததும், "ஏன் அத முதல்லயே எடுத்துட்டுப் போகல?" என்பாள். மெக்கானிக்குகள் அவளுக்குக் 'கேள்வித்தாள்' என்று பெயர் வைத்தார்கள். அவள் காதுபடவே, "டேய், கேள்வித்தாள் வந்தாச்சா?" என்பார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள்.

முதல் மாதம் பெரிதாக ஒன்றும் இல்லை. அப்புறம் எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. மூன்றாம் மாதத்தில் பாதிக்கும் கீழே வந்து நின்றது. இன்னொரு கிளையில், சாமான் பதிவேட்டின்படி, ஒரு மாற்றமும் இல்லை. மேனேஜர் கைகொடுத்தார். வெளியூர்க் கிளைகளுக்கெல்லாம் இதையே போடப்போவதாகச் சொன்னார். அவளுடைய பேராசிரியர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "படிக்கட்டு மாதிரி இறங்குதே!" என்றார். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க நாள் குறித்தாகிவிட்டது. பெரியவள் தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டாள்.

அந்த நிலையில்தான் ஒருநாள் சின்னவள் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். பஸ் நாற்சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றது. ஜன்னல் வழியே பார்த்தால், மருந்துக் கடை ஓரத்தில் இரண்டு பைக். ஒன்றின்மேல் எப்போதும் தொப்பி போட்டிருக்கும் மெக்கானிக். எல்லோரும் அவரைத் தொப்பி என்றே கூப்பிடுவார்கள். இன்னொன்றில் அவரைவிட வயதில் பெரியவர், சீனியர். தொப்பி பையிலிருந்து ஒரு கதவு உருளையை எடுத்து நீட்டினார். சீனியர் அதை வாங்கிக்கொண்டு ஒரு சின்ன அட்டைப் பெட்டியைக் கொடுத்தார். இருவரும் சுற்றுமுற்றும் பார்த்த பார்வை, திருட்டுச் சாமான் கைமாற்றுகிறவர்களின் பார்வை.

சின்னவள் இடித்துத் தள்ளிக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தாள். அடுத்த நிறுத்தத்தில் குதிக்காத குறையாக இறங்கித் திரும்ப ஓடிவந்தாள். சீனியர் போய்விட்டார். தொப்பி மட்டும் பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் உதைப்பதை நிறுத்தினார்.

"என்ன பண்றீங்க இங்க?"

"மாத்திரை வாங்க வந்தேன் மேடம்."

"உருளைய மாத்திரைக்கு மாத்தறாங்களா இந்தக் கடையில?"

தொப்பி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு பெருமூச்சு விட்டார். "இல்ல மேடம், சீனியர்கிட்ட உருளை இல்ல. எங்கிட்ட இருந்துச்சு. எனக்கு ரிலே சுவிட்ச் வேணும், அவருகிட்ட இருந்துச்சு. மாத்திக்கிட்டோம்."

"ஆபீஸ்ல வந்து எடுக்கறதுதானே?"

"வந்தா நீங்க உக்காந்திருக்கீங்களே."

"நான் என்ன பண்ணேன்? திட்டினேனா?"

"திட்டினா கூடப் பரவாயில்ல மேடம், திருப்பித் திட்டிட்டுப் போயிடலாம். நீங்க சிரிச்சுக்கிட்டே கேக்கறீங்க. ஏன் வந்தீங்க, ஏன் எடுத்துட்டுப் போகலன்னு. எனக்கே தெரியாது, நான் எங்க சொல்றது? என் பொண்டாட்டி கூட என்னை இவ்வளவு 'ஏன்' கேட்டதில்ல."

"எத்தன பேர் இப்படி மாத்திக்கறீங்க?"

"எல்லாரும்தான். போன்ல ஒரு குரூப்பு வெச்சிருக்கோம். எவன் பையில என்ன இருக்குன்னு போட்ருவோம். உங்களுக்குத் தெரியாம வெச்ச குரூப்பு. கேள்வித்தாளுக்கு நாங்க வாங்கறது அதுதான்னு 'பூஜ்யம் மார்க்கு'ன்னு பேரு."

வேறு நேரமாக இருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். "என் மென்பொருள் சொல்றத எடுத்துட்டுப் போறீங்களா, இல்லியா?"

"சில நாள் எடுத்துட்டுப் போவோம் மேடம். சில நாள் சரியாவும் சொல்லுது. பொய் சொல்லக்கூடாது."

அங்கேதான் அவள் மாட்டிக்கொண்டாள். மென்பொருள் உதவவே இல்லை என்றால் ஒரு வழியாகப் போயிற்று என்று விட்டுவிடலாம். இப்போதோ, இறங்கிய எண்ணிக்கையில் மென்பொருளால் இறங்கியது எவ்வளவு, இவள் சிரிப்புக்குப் பயந்து இறங்கியது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை. இன்னொரு கிளையில் மென்பொருளும் இல்லை, வாசலுக்கு எதிரே கேள்வி கேட்க ஆளும் இல்லை. இரண்டு வித்தியாசத்தை வைத்துக்கொண்டு ஒன்றின் பெயரில் ஆய்வேடு எழுதியிருக்கிறாள். சாமானுக்காக ஆள் அலைவதும் நிற்கவில்லை. அலைச்சல் அலுவலகத்தை விட்டுத் தெருமுனைக்கு வந்திருக்கிறது.

அன்று அவள் வீட்டுக்கு நேராக வரவில்லை. பஸ் போகும் வழியெல்லாம் நடந்தாள். ஒரு பூங்காவுக்குள் போய் உட்கார்ந்தாள், பெஞ்சு சூடேறுவதற்குள் எழுந்தாள். துணிக்கடைக்குள் நுழைந்து, என்ன வேண்டும் என்று கேட்டவரிடம் பதில் சொல்லத் தெரியாமல் வெளியே வந்தாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி, மறுபடி மாட்டி, மறுபடி கழற்றினாள்.

"எந்தக் கோட்டையப் பிடிக்கற யோசனை?" என்றாள் பெரியவள், மெஷினை நிறுத்தாமல்.

சின்னவள் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடியே சொல்லி முடித்தாள். மெஷின் நின்றது. பெரியவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"இது யாருக்காவது தெரியுமா?"

"எனக்கும் மெக்கானிக்குகளுக்கும்."

"அவங்க சொல்லப் போறதில்ல. நீயும் வாய மூடிக்கிட்டு இரேன். கொஞ்ச நாள்தானே? பட்டத்த வாங்கு, அப்பறம் மெதுவா சரி பண்ணு."

"அக்கா!"

"என்ன அக்கா? நீ எண்ணினது பொய்யா? வரல. வரலன்னு எழுதியிருக்க. அதுல என்ன தப்பு?"

"ஏன் வரலன்னும் எழுதியிருக்கேனே. அது தப்பு."

பெரியவளுக்குத் தெருவே கண்முன் வந்து நின்றிருக்கும். எத்தனை பேரிடம் சொல்லி வைத்திருக்கிறாள்! பிறகு துணியிலிருந்த நூலை வாயால் கடித்து அறுத்தாள். "பேண்ட்டுக்கு அளவெடுக்கறப்போ எல்லாம் இதே கூத்துதான். டேப்ப இடுப்புல சுத்தினதும் வயித்த உள்ள இழுத்துக்குவாங்க. நாமளும் அதையே எழுதிக்குவோம். தெச்சுக் குடுத்தா, உக்கார முடியலம்பாங்க."

"எங்க பாடத்துல இதுக்குன்னு ஒரு அத்தியாயமே இருக்குக்கா. ரெண்டு வருஷமா ஜூனியர் பசங்களுக்கு நானே அதப் பாடம் எடுத்திருக்கேன். எடுத்துட்டு நேராப் போயி வாசலுக்கு எதிர்ல உக்காந்தேன் பாரு, என்னை எதால அடிக்கலாம்?"

"கையில கத்தரிக்கோல்தான் இருக்கு. போ, போயி உங்க சார்கிட்ட சொல்லு. சொல்லாம உன்னால தூங்க முடியாது. நீ தூங்காம நடந்தா நானும் தூங்க முடியாது" என்று சொல்லிவிட்டு, பெரியவள் மெஷினை மிதிக்கத் தொடங்கினாள். தையல் கோணலாகப் போனது. பிரித்துவிட்டு மறுபடி தைத்தாள்.

பேராசிரியரின் அறையில் நாற்காலி இருந்தும் சின்னவள் நின்றுகொண்டே சொன்னாள். அவர் முதலில் சிரித்தார், 'பூஜ்யம் மார்க்கு' என்ற இடத்தில். அதற்கப்புறம் சிரிக்கவில்லை.

"ஆய்வின் வரம்புகள்னு ஒரு பகுதி கடைசில இருக்கே. அதுல ரெண்டு வரி சேர்த்துடலாமே?"

"என்னன்னு சார்? மெக்கானிக்குகள் மருந்துக் கடை முனையில் சந்தித்திருக்கக்கூடும்னா?"

"கொஞ்சம் நாகரிகமா எழுதலாம்."

"வரம்பு இல்ல சார் இது. நடந்ததே இதுதான். வரம்புன்னு போட்டா, வீடு இடிஞ்சு விழுந்துடுச்சு, ஜன்னல்ல லேசான விரிசல்னு எழுதின மாதிரி இருக்கும்."

பேராசிரியர் மேஜை மேலிருந்த காகித எடையை உருட்டினார். "குறைஞ்சது இன்னும் ஒரு வருஷம் ஆகும். உங்க உதவித்தொகை இந்த வருஷத்தோட சரி. அத நீட்டிக்க என்னால முடியாது. தெரிஞ்சுதானே பேசறீங்க?"

"தெரியும் சார்."

"எனக்கு இது பிடிக்கல. தேர்வாளர்களுக்கு நாள் கூடக் கொடுத்தாச்சு. ஆனா நீங்களே நம்பாத ஒண்ணுல நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?" அவர் எடையை நகர்த்தி வைத்தார். "சரி, இனிமே எந்த முறையில செய்யப் போறீங்க?"

"எண்ணப் போறதில்ல சார். அவங்க கூடவே போகப் போறேன். பையில என்ன வைக்கறாங்க, யாருகிட்ட என்ன கேட்டு வாங்கறாங்க, எங்க நிக்கறாங்க, எல்லாம் பாக்கணும். பாத்து முடிச்சப்பறம்தான் என்ன கட்டலாம்னு யோசிக்கணும்."

"ஜன்னல் கட்சிக்குத் தாவறீங்க."

"ஜன்னல்ல கூட நிக்க முடியாது சார் இப்போ. அவங்க கதவச் சாத்திட்டாங்க."

அது உண்மைதான். மேனேஜரிடம் அவளே போய், முடிவை நம்ப வேண்டாம், வெளியூர்க் கிளைகளுக்கு இப்போதைக்குப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஏன் என்றார். சாமான் வெளியில் கைமாறுகிறது என்றாள். யார், எங்கே என்று கேட்டார். ஆய்வில் பெயர் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றாள். மேனேஜருக்கு முகம் கறுத்தது. சாமான் கணக்கைத் தினமும் சரிபார்க்கும்படி உத்தரவு போட்டார். கேள்வித்தாள்தான் போட்டுக் கொடுத்துவிட்டது என்று மெக்கானிக்குகள் முடிவு கட்டினார்கள். அவள் பணிமனைக்குப் போனால், நடந்துகொண்டிருக்கும் பேச்சு அப்படியே நின்றுவிடும். யாராவது ஒருவர் எண்ணெய்த் துணியை உதறுவார். சீனியர் மட்டும், "மேடத்துக்கு நாற்காலி போடுங்கப்பா, நம்மள எண்ண வந்திருக்காங்க" என்பார். அந்த நாற்காலியில் முள் இருந்திருந்தால்கூட உட்கார்ந்திருப்பாள். பேச்சற்ற அந்த அறையில் உட்காரத்தான் முடியவில்லை.

பட்டம் அந்த ஆண்டு வரவில்லை. குறித்த நாள் வந்தது, போனது. உதவித்தொகை நின்றது. மாலைக் கல்லூரி ஒன்றில் பகுதிநேரமாகப் பாடம் எடுக்கப் போனாள். தெருவில், "என்ன, தங்கச்சி டாக்டர் ஆயாச்சா?" என்று கேட்டவர்களிடம் பெரியவள், "தப்புக் கண்டுபிடிச்சு அவளே நிறுத்தி வெச்சிருக்கா. எத்தன டாக்டருக்கு அந்தத் தைரியம் இருக்கும்?" என்று சண்டைக்குப் போகிற குரலில் சொன்னாள். கேட்டவர்கள் மறுபடி கேட்கவில்லை. வீட்டுக்குள் வந்ததும் அதே பெரியவள், "இப்படியே எத்தன நாளைக்குடி?" என்பாள். சின்னவள் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விடுவாள். அவள் மேலே நடக்கும் சத்தம் கீழே கேட்கும். "மேல லிப்ட் ஏதாவது வெச்சிருக்கீங்களா?" என்று பெரியவளின் கணவர் ஒருநாள் கேட்டு, இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இதற்கிடையே அவள் செய்தது ஒன்றே ஒன்று. தொப்பியிடம் போய், மேனேஜரிடம் என்ன சொன்னாள், என்ன சொல்லவில்லை என்பதை ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னாள். "தப்பு என்னோடது. உங்கள அளக்கறேன்னு உங்கள ஓட வெச்சேன். இனிமே கேக்க மாட்டேன். நீங்க கூப்பிட்டா வருவேன், கூப்பிடலன்னா வர மாட்டேன்" என்றாள். தொப்பி, "பாக்கலாம் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். போனவர் போனவர்தான். வாரங்கள் ஓடின. அவளுடைய போன் அடிக்கும்போதெல்லாம் பாய்ந்து எடுப்பாள். வங்கிக் கடன் வேண்டுமா என்று யாராவது கேட்பார்கள்.

ஒரு பிற்பகல், பெரியவள் முடித்த திரைச்சீலையை இருவரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தபோது, போன் அடித்தது. பின்னாலிருந்து ஹாரன் சத்தம், யாரோ யாரையோ ஏசும் சத்தம், நடுவே தொப்பியின் குரல்.

"மேடம், ஃப்ரீயா? இங்க ஒரு பஞ்சாயத்து. கதவு சென்சார் ஒண்ணுதான் இருக்கு, மூணு பேருக்கு வேணும். சீனியர் குடுக்க மாட்டேங்கறாரு. பாக்கணும்னு சொன்னீங்கல்ல? இப்ப வந்தா பாக்கலாம். எழுதறதுன்னா ஓரமா நின்னு எழுதுங்க."

"எங்க? மருந்துக் கடையா?"

"அது பழசு மேடம். இப்ப பாலத்துக்குக் கீழ."

அவள் பிடித்திருந்த முனை தரையில் விழுந்தது. "அடியே, அழுக்காகும்டி!" என்று பெரியவள் கத்துவதற்குள் படியிறங்கிவிட்டாள்.

பாலத்துக்குக் கீழே ஆறேழு பைக்குகள் கோணல்மாணலாக நின்றன. நடுவே சீனியர் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார். "போன வாரம் என்கிட்ட பெல்ட் வாங்கிட்டுப் போனவன் திருப்பிக் குடுத்தானா? கேளுங்கடா அவன!" என்று தொண்டை கிழியக் கத்தினார். பெல்ட் வாங்கியவர், "ஆமா, உங்க தாத்தா சொத்து" என்றார். இன்னொருவர் போனில், "இதோ அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்மா" என்று எந்த மாடியிலோ காத்திருக்கும் யாரையோ சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார்.

மூச்சிரைக்க வந்த சின்னவள் ஒரு தூணோரமாக நின்றாள். தொப்பி அவளைப் பார்த்துத் தலையசைத்தார். சீனியரும் பார்த்தார். பார்த்துவிட்டு, குரலைத் துளியும் தாழ்த்தாமல் விட்ட இடத்திலிருந்து ஏச்சைத் தொடர்ந்தார்.